ஆழ்துளைக் கிணறு சேரியில், மேல்நிலைத் தொட்டி ஊரில்

(மகத் போராட்ட நாளான மார்ச் 20 அன்று மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மகத் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். அந்த வரலாற்றை என்னைவிட ஆழமாகப் படித்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது குழாய். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு இரண்டரை ஆண்டுகள் விழுப்புரம் பக்கம் ஓர் ஒப்பந்ததாரரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். தெருவில் பள்ளம் தோண்டுவது, குழாய் பதிப்பது, வீட்டு வாசலில் குழாயை நட்டு அதன் பக்கத்தில் வீட்டுக்காரரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து ஏற்றுவது, இவைதான் வேலை. ஜல் ஜீவன் திட்டம் என்று நீங்கள் செய்தியில் படிப்பது தரையில் இப்படித்தான் இருக்கும். அதனால் குழாயிலிருந்து தொடங்கி மகத்துக்குப் போகிறேன். வழி தவறினால் மன்னியுங்கள்.

முதலில் என் ஊர். நானூறு வீடு இருக்கும். ஊரில் இருநூற்று எழுபது, சேரியில் நூற்று முப்பது. நடுவில் ஓர் ஓடை, கொஞ்சம் கரும்பு வயல். ஊருக்குள் போட்ட இரண்டு போரிலும் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு, புது போருக்கு இடம் பார்த்தார்கள். சேரிக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் நல்ல தண்ணீர் கிடைத்தது. ஏரி பக்கத்தில் இருப்பதால் கோடையிலும் இறங்காத ஊற்று. ஆழ்துளைக் கிணறு அங்கே போட்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை.

தொட்டியையும் அதன் பக்கத்திலேயே கட்டலாம் என்று பொறியாளர் சுண்ணாம்பு போட்டு இடம் குறித்தார். குழாய்ச் செலவு மிச்சம், நிலமும் அரசு நிலம். அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். சேரியில் தொட்டி நின்றால் அதில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும், அந்தத் தண்ணீரை நாங்கள் எப்படிக் குடிப்பது என்று கேட்டார்கள். இது என் அப்பா சொன்னது. அவர் கூட்டத்துக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்று கேட்டவர். ஒரு வாரத்தில் சுண்ணாம்புக் கோடு அழிந்தது. அறுபதாயிரம் லிட்டர் தொட்டி மாரியம்மன் கோயில் பக்கத்தில் எழும்பியது.

ஆக, எங்கள் காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் முக்கால் கிலோமீட்டர் போய், ஊரில் தொட்டி ஏறி, நான்கு தெருவைச் சுற்றி, ஓடையைத் தாண்டி எங்களிடம் திரும்பி வருகிறது. மண்ணுக்கு அடியில் இருந்தவரை அது தீட்டாக இல்லை பாருங்கள்.

இதில் வெறும் கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை. இது நீரியல். மேல்நிலைத் தொட்டியில் மோட்டார் தள்ளாது, உயரம்தான் தள்ளும். தொட்டியிலிருந்து தண்ணீர் புறப்படும்போது இருக்கும் அழுத்தம் ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் குறைந்துகொண்டே வரும். வழியில் நாலு வீட்டில் குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சினால் கடைசியில் இருப்பவருக்குக் காற்றுதான் வரும். குழாயைத் திறந்தால் முதலில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு அந்தச் சத்தம்தான் தண்ணீரின் சத்தம்.

கணக்குப் போடலாம். அரசு தருவதாகச் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 275 லிட்டர். பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் பதினெட்டு குடம். ஊர் முதல் தெருவில் ஒரு குடம் ஒரு நிமிடத்தில் நிறையும். எங்கள் வாசலில் ஏழு நிமிடம். கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் விடுவது முக்கால் மணி நேரம். ஆறு குடம் நிறைந்தால் அன்றைக்கு நல்ல நாள். அதாவது ஆளுக்குப் பதினெட்டு லிட்டர். ஆனால் அரசின் கணக்கில் முதல் தெரு வீடும் ஒன்று, எங்கள் வீடும் ஒன்று. இரண்டிலும் குழாய் இருக்கிறது, இரண்டுக்கும் போட்டோ இருக்கிறது.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தபோது நாட்டின் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. ஆறில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 15 கோடியைத் தாண்டிவிட்டது. 2024-இல் முடிய வேண்டிய திட்டத்தை 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பள்ளங்களில் நின்றவன் நான். கையடிப் பம்பில் தொங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு வாசலில் குழாய் வந்தது பெரிய விஷயம். நான் சொல்வது, குழாயை எண்ணுகிறார்கள், அதற்குள் ஓடுவதை எண்ணுவதில்லை என்பதுதான்.

எங்கள் தெருவுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் விடுவார்கள் என்பது தொட்டி ஆபரேட்டர் அண்ணன் கையில். அவரைத் திட்டிப் பயனில்லை. சொற்பச் சம்பளம், மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தொட்டி கழுவுவது, குளோரின் போடுவது எல்லாம் அவர் ஒருவர். ஊரில் நாலு பேர் ‘இன்னும் நம்ம பக்கம் ரொம்பல’ என்றால் அவரால் வால்வை மாற்ற முடியாது. அதனால் எங்கள் முறை காலை ஒன்பதுக்கு மேல்தான். அந்த நேரத்தில் நூறு நாள் வேலையில் பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். அம்மா எத்தனை நாள் தண்ணீருக்காக வேலையை விட்டார், எத்தனை நாள் வேலைக்காகத் தண்ணீரை விட்டார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி, பாலிடெக்னிக் முடியும்வரை நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை. அம்மாவும் அக்காவும் தூக்கினார்கள். அக்கா பத்தாம் வகுப்பில் முதல் மணி வகுப்புக்குப் போன நாட்கள் குறைவு. அது கணக்குப் பாடம். கணக்கில்தான் தோற்றாள். நான் தாமதமாக எழுந்து, அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, அம்பேத்கர் படம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். ஊர்க்காரர்களின் வால்வைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசாவிட்டால் அக்கா சிரிப்பாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு கிராமத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஊருக்குப் பெரிய தொட்டியிலிருந்து புதுக் குழாய். அதே பஞ்சாயத்தின் காலனிக்கு மட்டும் தனியாக ஒரு போர், தனியாக ஒரு சின்னத் தொட்டி. இரண்டுக்கும் நடுவே முந்நூறு மீட்டர்கூட இல்லை. மேற்பார்வைக்கு வந்த பொறியாளரிடம் கேட்டேன்.

“ஏன் சார், தொண்ணூறு எம்.எம். குழாய நீட்டுனா ஒரே தொட்டியில குடுத்துடலாமே?”

“குடுக்கலாம் தம்பி. நாளைக்கு வால்வுல சண்ட வரும். யாரு போய் பஞ்சாயத்து பேசறது? தனியா குடுத்துட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி.”

அவர் நல்ல மனிதர். கமிஷன் கேட்காதவர். காலனி வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். என் சாதி தெரிந்த பிறகும் என்னிடம் மாறாதவர். தனித் தொட்டியைக் கட்டுவது சாதி வெறியர்கள் இல்லை தோழர்களே, இப்படிப்பட்ட நல்லவர்கள்தான். சண்டை வேண்டாம் என்று நினைப்பவர்கள்.

பழைய தீண்டாமையை நாம் கண்ணால் பார்க்க முடிந்தது. கிணற்றடியில் வாளியைப் பிடுங்கினார்கள், எட்ட நிற்கச் சொன்னார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி 2006-இல் நூலாக வந்த ஓர் ஆய்வு, 48.4 சதவீதக் கிராமங்களில் தலித்துகளுக்கு நீர் ஆதாரங்கள் மறுக்கப்படுவதாகச் சொன்னது. இன்று அதே கேள்வியோடு ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தால், ‘மறுப்பு இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். உண்மையிலேயே யாரும் யாரையும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லை, குழாய் அதைச் செய்துவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். வரைபடத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் கோடு எங்கே மெலிகிறது என்று பார்த்தே காலனி எது என்று நான் சொல்லிவிடுவேன்.

வேங்கைவயலுக்கு வருகிறேன். 2022 டிசம்பர் கடைசி வாரம், புதுக்கோட்டை மாவட்டம். குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்கிறார். தொட்டி மேல் ஏறிப் பார்த்தால் மலம் கிடக்கிறது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அந்தப் பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும் பார்த்தார், கோயிலுக்குள் விடாததையும் பார்த்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனை என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. அது நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குமேல் போகவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது. அந்தப் பத்தாயிரம் லிட்டர் தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள் தலித்துகள் மட்டுமே. தொட்டியைப் பார்த்தாலே யார் வயிற்றுக்குப் போகும் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தெருவுக்கும் ஒரே தொட்டி என்றால் அதில் ஒருவன் அசிங்கத்தைப் போடுவதற்கு முன் தன் வீட்டுக் குடத்தை நினைக்க வேண்டும். தனித் தொட்டியில் அந்தப் பயம் இல்லை. தலித்துகள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இது நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. தொட்டி கட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லையா?

இப்போது மகத். 1923-இல் எஸ்.கே. போலே கொண்டு வந்த தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்றது. 1924-இல் மகத் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924-இல் இங்கே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் இவற்றில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். தீர்மானம் இருந்தது, தண்ணீரும் இருந்தது. மூன்று ஆண்டுகள் யாரும் இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து போய் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அடுத்து என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். திரும்பிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். 108 பானை சாணம், கோமியம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். ஆடு மாடு குடித்தபோது செய்யாத சுத்தம். குளம் தங்களுக்கே உரியது என்று வழக்குப் போட்டு, டிசம்பரில் தடை வாங்கினார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச் 17-இல். பத்து ஆண்டுகள்.

அந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் செத்துவிட மாட்டோம் என்பதை அம்பேத்கரே அந்த ஆண்டு டிசம்பர் மாநாட்டில் பேசியிருக்கிறார். நாங்களும் மனிதர்கள் என்று நிறுவத்தான் போகிறோம் என்பது அவர் வாதம். இதை நாம் மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு நிமிடம் அதை என் வேலைக்குள் கொண்டு வந்து பாருங்கள். 1927-இல் ஒரு நல்ல அதிகாரி வந்து, ‘சண்டை வேண்டாம், உங்களுக்கென்று தனியாக ஒரு குளம் வெட்டித் தருகிறேன், இதைவிட நல்ல தண்ணீர்’ என்று சொல்லியிருந்தால்? மகத் அங்கேயே முடிந்திருக்கும். அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதும் நிலை வந்திருக்காது. நம் கிராமங்களில் அந்த நல்ல அதிகாரி தினமும் வருகிறார். நாம் நன்றி சொல்லி மனு கொடுக்கிறோம்.

மனு கொடுப்பவர்களில் என் அம்மாவும் ஒருவர். எங்கள் சேரிக்குத் தனித் தொட்டி கேட்டுப் போன மாதம் நூற்றுப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஊருக்குப் போய் வேங்கைவயலைச் சொன்னேன், மகத்தைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

“ஒனக்கு என்னாடா, வந்து பேசிட்டுப் போயிடுவ. நாளைக்கு அந்தக் கொழா வாயப் பாத்துக்கினு நான்தான நிக்கணும்? தொட்டி எங்க நின்னா என்னா, தண்ணி வந்தா போதும்.”

இதற்கு என்னிடம் மகத்தை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. சுயமரியாதைக்காக இன்னும் பத்து வருடம் ஆறு குடத்தில் வாழ் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? குடம் தூக்காதவனுக்கு? இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த குழாயிடமே திரும்பிப் போனேன்.

தொட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். போரிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் ஏற்கெனவே எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. அதன் ஓரமாகவே பள்ளம் எடுத்து, தொட்டியிலிருந்து நேராகச் சேரிக்கு ஒரு தொண்ணூறு எம்.எம். குழாய் போட வேண்டும். நடுவில் வீட்டு இணைப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. அந்தக் குழாயின் முனையை, ஊர்த் தெருக்களைச் சுற்றி வரும் பழைய குழாயின் முனையோடு இணைத்துவிட வேண்டும். வளையம். இப்போது தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஒரு வால்வை மூடினால் மறுபக்கத்திலிருந்து வரும். கடைசி வீடு என்று ஒரு வீடு இருக்காது. புதுத் தொட்டி, புதுப் போர், மோட்டார், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து ஆகும் செலவைவிட இது குறைவு. நகரத்தில் குழாய் போடும்போது இப்படி வளையமாகத்தான் போடப் பார்ப்பார்கள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். வளையத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நாம் உத்தரவு போட முடியாது. ஊரின் கடைசித் தெருவுக்குச் சில நேரம் எங்கள் தெரு வழியாகப் போன தண்ணீர்தான் வரும். அந்தத் தெருவிலும் இப்போது சரியாகத் தண்ணீர் வருவதில்லை, அவர்களும் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள்தான். அங்கே போய்ப் பேசினேன். ஆண்கள், ‘ஊர்ல கேக்கணும்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு அக்கா மட்டும் என் பின்னாலேயே தெருமுனைவரை வந்து, “எந்தப் பக்கமா வந்தா என்னா தம்பி, வந்தா சரி” என்று மெதுவாகச் சொன்னார். என் அம்மா சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் அந்த அக்கா சபையில் எழுந்து அதைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை. இப்போது தமிழ்நாட்டில் உலக தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு. நாளை மறுநாள் எங்கள் ஊரில் சபை. இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று, இந்த வளையக் குழாய். இன்னொன்று, கிராமக் குடிநீர்க் குழுவின் பெயர்ப் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டும் என்பது. ஜல் ஜீவன் விதிப்படி அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்குக் கால் பங்கு. எங்கள் பஞ்சாயத்தில் அந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது. அதில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் பெயரும் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த இருவருக்கும் அது தெரியாது. உங்கள் ஊரிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். குழாய் வரைபடத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வரைபடம் கைக்கு வந்தால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.

புது மனுவில் இதுவரை அறுபத்து நான்கு கையெழுத்து. பழைய மனுவைவிடக் குறைவு. அம்மா நேற்று இரவுதான் போட்டார். போட்டுவிட்டு, “இது வர்றதுக்கு எத்தினி வருசம் ஆவும்? அதுவரைக்கும் யாரு தூக்கறது?” என்று கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று காலை ஒன்பதரைக்கு நான்தான் குழாயடியில் நின்றேன். ஐந்து குடம் கிடைத்தது. அதனால்தான் உங்கள் கூட்டத்துக்கு வரத் தாமதமாகிவிட்டது.

22-ஆம் தேதி காலை பதினோரு மணிக்குச் சபை. வெளியூர்க்காரர்கள் பேச முடியாது, கை தூக்க முடியாது. உட்கார்ந்து பார்க்கலாம். பத்துப் பேர் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தால் தீர்மானப் புத்தகத்தை வெறுமையாக வைத்துக் கையெழுத்து வாங்குவது கொஞ்சம் கஷ்டம். வர முடிந்தவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், வேனுக்குச் சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டு வந்துவிடுங்கள்.